லெஃப்ட் ஒன், ரைட் த்ரீ

காக்கிநாடாவுக்கு எதிரே, கிருஷ்ணா-கோதாவரி படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் எங்களுடையது. அதில் மூன்று வருடம் ஹெலிடெக் உதவியாளாக இருந்துவிட்டுத்தான் எச்.எல்.ஓ. பயிற்சிக்குப் போனேன். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்துக்குப் பொறுப்பு எச்.எல்.ஓ.தான். வகுப்பு, தீயணைப்புப் பயிற்சி எல்லாம் முடித்து எண்ணெய்த் தொழிலுக்கான பயிற்சி அமைப்பான ஓபிட்டோவின் சான்றிதழும் வாங்கியாயிற்று. உண்மையான பரீட்சை கப்பலுக்குத் திரும்பியபின் வந்தது.

எங்கள் கப்பலுக்கு நங்கூரம் போடுவதில்லை. உந்துவிசிறிகளால் ஒரே இடத்தைப் பிடித்து நிற்கும். ஆனால் அலைக்கு ஆடத்தான் செய்யும். அது ஆகஸ்ட் மாதம். ராஜமுந்திரியில் ஹெலிகாப்டர் கிளம்புமுன் காற்று, பார்வைத்தூரம், கப்பலின் ஆட்டம் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். ரோல் என்றால் பக்கவாட்டு ஆட்டம். "ரோல் 4 டிகிரி" என்று எழுதினேன். மூத்த எச்.எல்.ஓ. அண்ணன் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலுன்னா எப்படி தம்பி? ரெண்டும் ரெண்டுமா, ஒண்ணும் மூணுமா?"

அன்று இடப்பக்கம் 1, வலப்பக்கம் 3. கூட்டுத்தொகை விமானிக்கு உதவாது. தளம் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதுதான் வேண்டும். தளத்துக்கு மேலே வந்துவிட்டால் அவர் பார்வை முழுக்கக் கப்பல்தான். அதுவே சாய்ந்தாடினால் எது நேர் என்று கண் ஏமாந்துபோகும்.

எங்களுக்கு விதித்திருந்த எல்லையே 3. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் சொல்லி, கப்பலின் முகத்தை அலைப்பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னோம். ஆட்டம் அடங்கியது. ஆட்டத்தை அளக்கும் கருவியின் திரையில் மட்டும் 3 அப்படியே நின்றது. கடந்த 20 நிமிடத்தில் எது அதிகமோ அதைத்தான் அது காட்டும். ஊருக்குப் போக 11 பேர் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். "அதான் ஆட்டம் நின்னுடுச்சே, வரச் சொல்லுங்க" என்றார் ஒருவர். முடியாது என்றேன். திரையில் 2 வந்தபின்தான் அறிக்கை போனது.

கிரேன்களை நிறுத்திவிட்டுத் தளத்தை ஒருமுறை நடந்து பார்த்தேன். தளத்தின் மேல் விரித்திருந்த கயிற்று வலையின் ஓரத்தில் எண்ணெய் துடைத்த துணி ஒன்று சிக்கிக் கிடந்தது. இறக்கைக் காற்றில் அது எழும்பி என்ஜினுக்குள் போயிருந்தால்? வயிற்றைக் கலக்கியது.

மஞ்சள் வளையத்துக்குள் சக்கரங்கள் பட்டன. ஹெலிகாப்டரின் சிவப்பு விளக்கு அணைந்து, விமானி கட்டைவிரலை உயர்த்தியபின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஆட்களை அனுப்பினேன். தலைக்கு மேல் இறக்கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கடைசி ஆள் ஏறிக் கதவு சாத்தும்வரை, ரேடியோ அறை திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்: "லெஃப்ட் ஒன், ரைட் டூ."