சமோவாவில் பட்டம் யார் கையில்?

பசிபிக் தீவு நாடான சமோவாவின் வரலாற்றை ஆளுநர்களின் வரிசையாகப் படித்தால் பாதிதான் புரியும். அங்கே பெரிய தகராறுகள் பலவும் ஒரே இடத்தில் வந்து முட்டும்: குடும்பத் தலைவர் என்ற பட்டத்தைக் கட்டுவது யார், பறிப்பது யார்?

மத்தாய் என்பது அந்தப் பட்டம் பெற்ற தலைவர். ஒரு மத்தாய் இறந்தால் பட்டம் தானாக மூத்த மகனுக்குப் போய்விடாது. ஆயிங்கா எனும் விரிந்த குடும்பத்தின் கிளைகள், பெண்வழியும் சேர்த்து, கூடிப் பேசி ஆளைத் தேர்ந்தெடுக்கும். பிறகு சாவோஃபாய் எனும் பட்டம் சூட்டும் சடங்கு; ஊர் மத்தாய்களோடு அமர்ந்து காவா எனும் வேர்ப் பானம் குடித்தால்தான் பட்டம் செல்லும். குடும்ப நிலத்தில் யார் பயிரிடுவது என்று சொல்லும் உரிமையும், ஃபோனோ எனும் ஊர்ச்சபையில் இடமும் அதோடு வரும். தகாதவராகிப் போனால், கொடுத்த குடும்பமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான்கு 'பாப்பா' பட்டங்கள் (தமிழ்ப் பாப்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை). நான்கையும் முதலில் ஒருசேரப் பெற்றவர் சாலாமாசினா என்ற பெண். கடைசியாக வைத்திருந்த மலியெத்தோவா வாயினுபோ 1841இல் சாகும்போது அவற்றைப் பிரித்துவிட்டார். ஆகவே ஐரோப்பியர் 'இங்கே ராஜா யார்?' என்று கேட்டபோது ஆளுக்கொரு பெயர் கிடைத்தது. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் வெவ்வேறு ஆட்களை மாறி மாறி ஆதரித்ததில் சண்டைதான் மூண்டது. 1899இல் அரசப் பதவியையே ஒழித்து, தீவுகளை ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கு போட்டுக்கொண்டன.

ஜெர்மனிக்குக் கிடைத்த மேற்குப் பகுதிக்கு ஆளுநராக வந்த வில்ஹெல்ம் சோல்ஃப் விவரமானவர். பேரரசர் கைசரே மேலான அரசர் என்றார். அரசப் பதவி கோரியிருந்த மாத்தாஃபா யோசேஃபோவுக்கு 'ஆலி சிலி', அதாவது உயர் தலைவர், என்ற பதவியை மட்டும் கொடுத்தார். அதைவிடக் கூர்மையான வேலை, 1903இல் நிலத்துக்கும் பட்டத்துக்குமாக அமைத்த ஆணையம். குடும்பத் தகராறு அரசாங்கத்தின் மேசைக்கு வந்துவிட்டது. ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து ஆட்களைத் திரட்டிய பேச்சாளர் தலைவர் லாவாக்கி 1909இல் சைபான் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

1914இல் அந்த மேற்குப் பகுதியை நியூசிலாந்து பிடித்தது. 1918இல் தலூனே கப்பல் கொண்டுவந்த காய்ச்சலில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் செத்தனர். நிர்வாகத்தின் மேலிருந்த நம்பிக்கையும் அதோடு போயிற்று. அந்த நிலையில் 1922 சட்டம் ஒருவரை ஊரைவிட்டு விலக்கவும் பட்டத்தைப் பறிக்கவும் நிர்வாகிக்கு அதிகாரம் தந்தது. செம்பருத்தி வேலியை அகற்றாததற்காகப் பெரிய தலைவரான துப்புவா தமசேசே லெயாலோஃபி விலக்கிவைக்கப்பட்டார். குடும்பம் கட்டிய பட்டத்தைக் காகிதம் அவிழ்க்குமா? நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த 'மாவு' இயக்கத்துக்கு அவரே தலைவரானார். 1929 டிசம்பர் 28 அன்று தலைநகர் ஆப்பியாவில் நடந்த ஊர்வலத்தில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார்.

1962இல் விடுதலை வந்தபோது பெரும்பாலும் மத்தாய்களுக்கே வாக்குரிமை. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான்: வாக்குக்காகவே பட்டங்களைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். 'மத்தாய் பலோத்தா', அதாவது வாக்குச்சீட்டு மத்தாய், என்று கேலிப்பெயரே பிறந்தது. 1990 பொதுவாக்கெடுப்பில் 21 வயதானவர் எல்லோருக்கும் வாக்கு கிடைத்தது. வேட்பாளர் மட்டும் இன்றும் மத்தாயாக இருக்க வேண்டும்.

2021இல் முதல் பெண் பிரதமரான நவோமி மாத்தாஃபாவின் பெயருக்கு முன்னால் வரும் ஃபியாமேயும் ஒரு பட்டம்தான். 1975இல் தந்தை இறந்தபின் பட்டங்களுக்காக வழக்கு நடந்தது; அதற்காகப் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். சோல்ஃப் வைத்த ஆணையத்தின் வழிவந்த நிலம், பட்ட நீதிமன்றம் இன்றும் இப்படிப்பட்ட வழக்குகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.