டிஸ்கைத் தானாக வெளியே தள்ளிய பிஎஸ்4

தாம்பரத்தில் ஒரு வீட்டு ஹாலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துதான் சோனியின் வீடியோ கேம் பெட்டியான அந்த பிஎஸ்4-ஐ, சரிசெய்து விற்பதற்காக வாங்கினேன். விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவருக்கு என் சோதனைகள் வினோதமாக இருந்திருக்கும். நான் அவசரப்படவில்லை. அதற்கு முன் வாங்கிய முதல் பெட்டியை, விளக்கு எரிகிறது என்பதை மட்டும் பார்த்து 3,000 ரூபாய் கொடுத்து எடுத்துவந்திருந்தேன். எரிந்தது நீல விளக்கு. நல்ல பிஎஸ்4-இல் நீலம் சில நொடி துடித்துவிட்டு வெள்ளையாக மாறும். நீலத்திலேயே நின்றால் கோளாறு எச்டிஎம்ஐ (டிவிக்குப் படம் போகும் இணைப்பு), ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, மெயின் சிப் என எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். என்னுடையதில் சிப்பின் அடியிலுள்ள பற்றவைப்புதான் விட்டிருந்தது. வீட்டில் செய்கிற வேலை இல்லை அது. கடைசியில் உதிரிபாகமாகக் கொடுத்துவிட்டேன்.

அதனால் இந்த முறை பையில் ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஒரு கேம் டிஸ்க், என்னுடைய கன்ட்ரோலர், ஒரு டார்ச். முதலில் எச்டிஎம்ஐ துளைக்குள் டார்ச் அடித்து 19 பின்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு என் கணக்கில் உள்ளே போனேன். சோனி தடை செய்த பெட்டியாக இருந்தால் அது ஆன்லைனில் போகாது, அப்படிப்பட்டதை யாருக்கும் விற்க எனக்கு மனம் வராது. உள்ளே போனது. டிஸ்க் ஓடியது. கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் ஃபேன் மிக்சி மாதிரி இரைந்தது, 'பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது' என்ற எச்சரிக்கை திரையில் வந்தது, அணைந்தது.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. சூடு என்பது சரிசெய்யக்கூடிய நோய்.

8,000 கேட்டார், 6,500-க்கு முடிந்தது. கிளம்பும்போது அவர், "ஒண்ணே ஒண்ணு தம்பி. பையன் காலேஜ் படிக்கும்போது விளையாடினதெல்லாம் இதுல இருக்காம். அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுக்க முடியுமா?" என்றார். முடியும் சார் என்றேன். அந்த ஒரு வார்த்தையால் வேலையின் வரிசையே மாறிப்போனது. பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்க்கை கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்றும் படிக்க வராது, அந்தப் பெட்டிக்கே உரிய பூட்டு போட்டிருக்கும். பெட்டி ஓடும்போது செட்டிங்ஸ் வழியாகத்தான் பென் டிரைவில் எடுக்க முடியும். பாதியில் சூடேறி அணைந்தால் கோப்பு கெடும். ஆகவே முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும், பிறகு நகல், அதன் பிறகே புது ஹார்ட் டிஸ்க்.

பெட்டி 2013-இல் வந்த முதல் வடிவத்தின் 1100 வரிசை. பின்னால் நான்கு ஸ்க்ரூ, சில ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஏறாது. நட்சத்திர வடிவில், நடுவில் துளையுள்ள பிட் வேண்டும். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் பிட் செட்டாகவே கிடைக்கிறது.

மூடியைத் தூக்கியதும் வந்த வாடையை இன்னும் மறக்கவில்லை. கரப்பான்பூச்சி. பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருப்பதால் ஸ்டாண்ட்பையில் வைத்தாலும் உள்ளே இளஞ்சூடு இருக்கும். நம் ஊர்க் கரப்பானுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. காய்ந்த முட்டைக்கூடுகளை பிரஷ்ஷால் தள்ளி, பவர் சப்ளையைக் கழற்றி அதன் துளைகள் வழியாக புளோயர் அடித்தேன். அதன் உறையை மட்டும் திறக்கவில்லை, யாரும் திறக்கவும் வேண்டாம். 230 வோல்ட் சாதனம் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். ஃபேனுக்குக் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

மெயின் சிப் மதர்போர்டின் அடிப்பக்கம், சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. போர்டைத் தூக்கினால்தான் முகம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், சுவரில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாக வைத்தேன். 16 மெமரி சிப்களின் மேல் சூடு கடத்த ஒட்டியிருக்கும் பேடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கிழியவில்லை, அப்படியே விட்டேன். பூட்டி ஓட்டினால் இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. சேமிப்புக் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றினேன்.

வேலை முடிந்தது என்று நினைத்த இரவில்தான் புதுச் சிக்கல். யாரும் தொடாமல் பீப், பீப் என்று சத்தம், டிஸ்க் வெளியே வந்தது. உள்ளே தள்ளினால் மறுபடி வெளியே. நான் ஏதோ கேபிளைச் சரியாகச் செருகவில்லை என்று மறுபடி முழுவதும் பிரித்தேன். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவின் ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. வேறு டிரைவ் வாங்கிப் போடலாம் என்றால் அதுவும் நேரடியாக ஆகாது. டிரைவின் சின்ன போர்டும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்தவை, பழைய போர்டையே வைத்தாக வேண்டும்.

இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவனித்தேன், தூக்கிப் பிடிக்கும்போது பீப் வரவில்லை. மேஜையில் வைத்தால் வருகிறது. இந்த வரிசையில் டிஸ்க்கை வெளியே தள்ளும் எஜெக்ட், அழுத்தும் பட்டன் இல்லை, விரல் பட்டாலே உணரும் தொடு சென்சார். அதற்கு நேர் கீழே ஒரு ரப்பர் கால். வருடக்கணக்கான சூட்டில் அது உப்பி, மேஜையில் வைக்கும்போது மேலே தள்ளுகிறது, சென்சார் அதை விரல் என்று எடுத்துக்கொள்கிறது. ரப்பரைப் பிடுங்கினேன். பீப் நின்றது. செலவு பூஜ்யம். அந்தக் கணம் கிடைத்த சந்தோஷம் விற்ற பணத்தில் கிடைக்கவில்லை.

பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் மெதுவாகியிருந்ததால், அதைவிட வேகமான 480 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இங்கே ஒரு மாலை வீணானது. சோனி தளத்தில் பிஎஸ்4 மென்பொருளுக்கு இரண்டு கோப்புகள் உண்டு, நான் இறக்கியது சிறிய அப்டேட் கோப்பு. புது எஸ்எஸ்டிக்கு முழுதாக நிறுவும் பெரிய கோப்புதான் வேண்டும், ஏறக்குறைய 1 ஜிபி. பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும், உள்ளே பிஎஸ்4, அதனுள் அப்டேட் என்ற ஃபோல்டர்கள், பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில். பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை பிடித்து சேஃப் மோடில் 7-ஆவது தேர்வு, அதாவது மென்பொருளை முழுதாக மறுபடி நிறுவுவது.

கன்ட்ரோலரின் இடது குச்சி தானாக நகர்ந்தது. முழு மாட்யூலைக் கழற்றினால் 14 பின்களின் பற்றவைப்பைப் பிரிக்க வேண்டும். தேய்ந்த சென்சாரை மட்டும் மாற்றினால் மூன்றே பின். அதைத்தான் செய்தேன்.

கணக்கு: பெட்டி 6,500, எஸ்எஸ்டி 2,500, பேஸ்ட் 450, கன்ட்ரோலர் உதிரி 350, கேபிள்கள் 200, ஆல்கஹால் 150, போக்குவரத்து 250. மொத்தம் 10,400. விற்றது 14,500. பிட் செட்டைச் சேர்க்கவில்லை, அது இனியும் உழைக்கும். வாங்க வந்த பெரம்பூர் அக்காவிடம் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க், ரப்பர் கால், பிரித்தபோது எடுத்த போட்டோக்கள், எல்லாவற்றையும் காட்டினேன். கரப்பான் படத்தையும். அவர் முகம் சுளித்தார், பிறகு பெட்டியின் பின்பக்கத் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டார். ஒரு மாதம் என் பொறுப்பு என்று பில் மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு தாம்பரம் போய்ப் பெரியவரிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். பையன் அதே கணக்கில் நுழைந்தால் பிஎஸ்5-இலும் இதை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவர் அதை ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே மகன் பெயரை எழுதி, பீரோவில் வைத்தார்.