கார்த்திகை நட்சத்திரத்தில் வந்தவள்

கறுப்பி போய் 12ஆம் நாள் தேய்பிறை அட்டமி வந்தது. அன்று கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோவிலுக்குப் போய்ப் பைரவரைக் கும்பிடுவதென்று அவளைப் புதைத்த அன்றே நேர்ந்திருந்தேன். "நாய்க்கு ஏது துடக்கு, போய்விட்டு வா பிள்ளை" என்றார் அம்மா. ஆனால் அந்த 12 நாளும் அவர் வீட்டில் மரக்கறிதான் சமைத்தார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெஹிவளையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து ஓட்டோ. மடியில் வாழையிலைப் பொட்டலம், அதற்குள் எங்கள் முற்றத்துச் செவ்வரத்தைப் பூக்கள். அந்தச் செடியின் கீழ்தான் கறுப்பி இருக்கிறாள். வெயில் ஏறினால் அந்த இடத்து மண்ணை முன்கால்களால் கிளறி, ஈரம் தட்டும்வரை தோண்டி, வயிற்றை அதில் பதித்துப் படுத்துக்கொள்வாள். எத்தனை தரம் மூடினாலும் மறுநாள் அதே இடம், அதே குழி. கடைசியில் அந்தக் குழியையே ஆழமாக்கினோம்.

11 ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை விளக்கீட்டு மாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலில் சிட்டி விளக்கு வைக்கப் போனபோது வடிகானுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. இரண்டு கைக்குள் அடங்கும் குட்டி. உடம்பெல்லாம் சொறி, பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. பாலில் ஊறிய பாண் துண்டை நீட்டினேன். பாணை விட்டுவிட்டு என் விரலை நக்கினாள். கால் கூடிவிடும், ஆனால் நொண்டுவாள் என்றார் மிருக வைத்தியர். அப்படியேதான் நடந்தாள். மூன்று தட்டு, ஓர் உரசல். விறாந்தையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். இந்த வருடம் சிறுநீரகம் பழுதாகி, ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குள் காலை வைத்ததும் வெளியே இருந்த இரைச்சல் அறுந்துபோகும். பொன்னம்பல முதலியார் கட்டிய கோவிலை அவர் மகன் சேர் பொன். இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பி 1912இல் நிறைவு செய்தார். கொழும்பின் புழுக்கத்திலும் அந்தத் தரை உள்ளங்காலில் குளிரும். துக்கத்தோடு போகிறவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியே பாதி ஆறுதல் என்பது என் எண்ணம்.

அர்ச்சனை டிக்கெட் எழுதும் ஐயா நிமிராமலே கேட்டார்: "பெயர்?"

"கறுப்பி."

"நட்சத்திரம்?"

எனக்கு நா எழவில்லை. வடிகானில் கிடந்தவள் பிறந்த நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது? பிறகு அந்த விளக்கீட்டு மாலை நினைவுக்கு வந்தது. "கார்த்திகை" என்றேன். மோட்ச அர்ச்சனை என்றும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டில் வளர்த்த பிள்ளையா?"

"ஓம் ஐயா. நாய்."

பேனா சற்று நின்றது. "பைரவரிடமே செய்யச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுதித் தந்தார். அவர் கையெழுத்தில் கறுப்பி என்ற பெயரைப் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது.

பைரவரின் பின்னே குறுக்காக நிற்கும் நாயைச் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். வேதமே அந்த வடிவில் நிற்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று நான் பார்த்தது அதன் முகத்தை மட்டுமே. எண்ணெய் ஊறி மினுங்கும் கல், சற்றே தூக்கிய மூக்கு. சாப்பாட்டுத் தட்டோடு நான் வரும்போது கறுப்பி அண்ணாந்து பார்ப்பது அப்படியேதான் இருக்கும். குருக்கள் செவ்வரத்தையை வாங்கிக்கொண்டு, "கிருத்திகா நட்சத்திரே" என்று தொடங்கி அவள் பெயரைச் சொன்னார். மிளகுத் தீபம் ஒன்று ஏற்றினேன். கோவில் நடை சாத்தியபின் சாவியைப் பைரவரின் காலடியில் வைப்பது சிவாலய மரபு. எங்கள் வீட்டில் கேற்றைப் பூட்டும்வரை படுக்கப் போகாதவளை, அந்தக் காவல்காரரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

இரவு, திருநீற்றில் கொஞ்சத்தைச் செவ்வரத்தையின் அடியில் தூவினேன். சாமியறையில் அம்மா சிவபுராணம் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் கறுப்பி வாசற்படியில் தாடையை வைத்துப் படுத்திருப்பாள். ஒரு நாளும் படி தாண்டி உள்ளே வந்ததில்லை. "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்ற அடியை ஆயிரம் முறை பாடியிருப்பேன். நாய் இழிந்தது, அதனிலும் இழிந்தவன் நான் என்று மணிவாசகர் அழுகிறார் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். படியில் கிடந்து காத்திருக்கும் அந்தப் பொறுமைக்குக்கூடத் தான் எட்டவில்லை என்று அவர் ஏங்கியதாகத்தான் இப்போது எனக்குக் கேட்கிறது.

அந்த அடி வந்ததும் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. வெறும் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்று எடுத்துப் பாடினேன்.