பென்சிலில் போட்ட டியூட்டி சார்ட்

கடலூர் மாவட்டத்தில் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். எந்த வட்டாரம் என்று கேட்காதீர்கள், நானே 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவன். ஊரில் ஒருத்தர் பார்த்தால் “உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் பணமே வர்றதில்லையாமே” என்கிறார், இன்னொருத்தர் “பணம் கொட்டுதாமே, எல்லாம் எங்க போவுது” என்கிறார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்கும் டியூட்டி சார்ட் பென்சிலில் போட்டது. அழித்து அழித்து சில கட்டங்களில் தாள் மெலிந்து, பின்னால் இருக்கிற சுவரின் நீலமே தெரிகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது ஏட்டுக் கணக்கு. துணை நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிராம சுகாதார செவிலியர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த இடத்துக்கு ஆளை நாங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது. அதிகபட்சம் பக்கத்து செவிலியருக்குக் கூடுதல் பொறுப்பு, இல்லாவிட்டால் வேறு எங்கிருந்தாவது மாற்றுப்பணி. மாற்றுப்பணியில் ஓட்டை பக்கத்துக் கட்டத்துக்கு நகரும், அவ்வளவுதான். டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ் போன்ற நிரந்தர இடங்களுக்கு 2012இல் அமைத்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத்தான் ஆள் வர வேண்டும், அது மாநிலம் முழுக்க ஒரே வரிசை, அதில் எங்கள் ஊர் எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு அக்கா இருக்கிறார். ஊரில் நர்ஸம்மா, எங்களுக்கு அக்கா. அவரது ஸ்கூட்டி பையில் எப்போதும் இரண்டு செட் நோட்டு, ஒன்று அவருடைய துணை நிலையத்துக்கு, ஒன்று கூடுதல் பொறுப்புக்கு. தடுப்பூசி புதன்கிழமை. இரண்டு ஊருக்கும் அதே புதன்கிழமைதான். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக் இளகுவதற்குள் ஒரு ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனால், காத்திருந்த தாய்மார்களில் பாதிப் பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இது ஆள் பிரச்சினை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், கணக்கில் வந்து இடிக்கும் வரைக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் மீதி தவணைகளாகவும் வரும். ஒவ்வொரு தவணைக்கும் செவிலியர் பதிவு ஏற்ற வேண்டும். அக்கா ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய், நெட் கிடைத்தால் ஏற்றுவார். ஏற்றாத பதிவுக்குப் பணம் போகாது, பணம் போகாவிட்டால் கணக்கில் “செலவாகவில்லை” என்று நிற்கும். அடுத்த திட்ட அறிக்கை போடும்போது மேலே முதலில் பார்ப்பதே அந்தப் பத்தியைத்தான். போன தடவையே செலவு பண்ணவில்லை, இந்தத் தடவை எதற்கு இவ்வளவு? ஆள் இல்லாததால் செலவாகாத பணம், தேவையே இல்லாத பணமாக எழுதப்பட்டுவிடுகிறது. மூன்று வருஷமாக ரிவியூவில் இதைச் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள்.

தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதம். 2021 ஜூலைக்கு முன்னால் எங்கள் வங்கிக் கணக்கில் கொஞ்சமாவது இருப்பு இருக்கும். இப்போது மாநில அளவில் ஒரே தாய்க்கணக்கு, எங்களுடையது ஜீரோ பேலன்ஸ், இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற லிமிட் மட்டும் தெரியும். ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், பணம் எங்கே தூங்குகிறது என்று மேலே உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் பில்லை நான் ஏற்ற வேண்டும், மருத்துவ அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு இடமாறுதல் கவுன்சிலிங்கில் எங்கள் டாக்டர் மாறுதலாகிப் போய்விட்டார். புதியவர் சேர்ந்ததும் மகப்பேறு விடுப்பு, ஒப்புதல் தருபவராகப் பொறுப்பு டாக்டரின் பெயரைப் பதிவில் மாற்ற 19 நாள். அந்த 19 நாளும் திரையில் லிமிட் இருந்தது, ஒரு டியூப் லைட் வாங்க முடியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்கு 1,75,000 ரூபாய் அன்டைடு ஃபண்ட், அதாவது இன்னதற்குத்தான் என்று கட்டிப்போடாத பணம், என்று வகுத்திருக்கிறார்கள். பைப் மாற்றலாம், வெள்ளையடிக்கலாம், நாற்காலி வாங்கலாம். சம்பளம் மட்டும் தரக்கூடாது. அதனால்தான் சில இடங்களில் நாற்காலி புதுசாக இருக்கும், உட்கார ஆள் இருக்காது.

அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூரைச் சுற்றி ஊர் ஊராக மூழ்கியது. எங்கள் ஆட்கள் பாதிக்கு மேல் முகாம்களில். குளோரின், டாக்ஸிசைக்ளின், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், எல்லாம் ஓடியது. ஜீப்புக்கு டீசல் பங்க்கில் கடன், டிரைவர் அண்ணன் தன் முகத்தைக் காட்டி வாங்கியது. பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது: டிசம்பர் முதல் வாரத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் தெரிவிக்கவும். நான்தான் பதில் டைப் அடித்தேன். “வெள்ளம்” என்று ஒரே வார்த்தை போட்டேன், டாக்டர் சிரித்துவிட்டு இரண்டு பத்தியாக்கச் சொன்னார்.

இப்போது மார்ச். 31ஆம் தேதிக்குள் செலவு காட்டியாக வேண்டும், பயன்பாட்டுச் சான்றிதழ் தயாராக வேண்டும், வருஷம் பூராவும் வராத லிமிட் 25ஆம் தேதி வந்து நிற்கும். மேசையில் 14 ஃபைல், அடியில் என்னுடைய ஒப்பந்தப் புதுப்பிப்பு ஃபைலும் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய மேடம் வியாழக்கிழமைதான் இங்கே வருவார். மற்ற நாட்களில் அவருக்கு வேறு இடத்தில் கூடுதல் பொறுப்பு.