1911 நாடாளுமன்றச் சட்டத்தைத் தேடிக் காப்பகங்களில் அலைந்த அனுபவம்

லண்டனில் வாசகர் அட்டை கேட்கும் காப்பகத்துக்குப் போகிறவர்கள் முதலில் முகவரிச் சான்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். இருப்பது வாடகை அறை. கரன்ட் பில் வீட்டுக்கார அம்மா பெயரில் வரும். அதனால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர் அதை ஒரு முறை புரட்டிவிட்டு, "இது நீங்களே பிரின்ட் எடுத்தது, செல்லாது" என்று தள்ளிவிட்டார். அப்படி ஒரு விதி உங்கள் இணையப் பக்கத்தில் இல்லையே என்று போனில் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் ரயிலில் வந்த காசும் ஒரு முழு நாளும் வீண். அப்புறம் வங்கிக் கிளையில் முத்திரை வாங்கிக்கொண்டு போனதும் அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்தக் காப்பகம் என்று சொல்ல விரும்பவில்லை. நீங்கள் எங்கே போனாலும் முத்திரை வைத்த தாள் ஒன்று கையில் இருக்கட்டும்.

என் எம்.ஏ. ஆய்வேடு 1909 முதல் 1911 வரை நடந்த பிரபுக்கள் சபைப் போராட்டம் பற்றியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான அந்தச் சபை மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் குறைத்ததுதான் 1911 நாடாளுமன்றச் சட்டம். அப்போது நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டைப் பிரபுக்கள் 350க்கு 75 என்று நிராகரித்ததும், 1910இல் இரண்டு பொதுத்தேர்தல் நடந்ததும் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வேண்டியது 1910 நவம்பர். தேவைப்பட்டால் அந்தச் சட்டத்துக்கான மசோதா நிறைவேறும் அளவுக்குப் புதிய பிரபுக்களை நியமிப்பதாக மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நவம்பர் 16 அன்று பிரதமர் அஸ்க்வித்துக்கு வாக்குக் கொடுத்தார். டிசம்பர் தேர்தலில் வாக்களித்த மக்களுக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் ஜூலையில்தான் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கே விஷயம் போனது. ஒரு நாட்டின் அரசமைப்பையே மாற்றிய பேச்சு இது. இதற்கான தாள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் விசாரணை மேசையில் ஒரே பதில்தான்: "கேட்டலாக்கில் தேடுங்கள்."

கேட்டலாக்கில் அந்த வருஷங்களின் அமைச்சரவைக் கூட்டக் குறிப்பு என்று தேடினால் ஒன்றும் வராது. ஏனென்றால் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமரான பிறகுதான் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். இதை எனக்குச் சொன்னது பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த ஒரு வயதான ஆய்வாளர். சம்பளம் வாங்கி விசாரணை மேசையில் உட்கார்ந்திருந்த யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்த ஆய்வாளர் ஒரு துண்டுச் சீட்டில் 'கேப் 41' (CAB 41) என்ற அமைச்சரவை ஆவண வரிசை எண்ணை எழுதிக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் பிரதமர் தன் கையாலேயே மன்னருக்கு எழுதிய கடிதங்களின் வரிசை அது. அசல்கள் வின்ட்சரில் உள்ள அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படப்பிரதிகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அமைச்சர்களின் அறிக்கைகள் வேண்டுமென்றால் 'கேப் 37'. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும்.

கடிதங்களைப் பார்த்ததும் அதுவரை பட்ட அலைச்சல் மறந்துபோனது. அஸ்க்வித் எங்கேயும் 'நான்' என்று எழுதுவதில்லை. 'மேதகு மன்னருக்குத் திரு. அஸ்க்வித் பணிவுடன் தெரிவிப்பது' என்ற ரீதியில் தன்னையே படர்க்கையில் சொல்லிக்கொண்டு போகிறார். அமைச்சரவையில் நடந்த பெரிய வாக்குவாதம்கூட ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். கையெழுத்து பழகும்வரை கஷ்டம்தான். அவசரப்படாமல் பத்துப் பன்னிரண்டு கடிதம் படித்துவிட்டால் பிடிபட்டுவிடும்.

அஸ்க்வித்தின் சொந்தத் தாள்கள் ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை. பிரபுக்கள் கடைசிவரை முரண்டு பிடித்தால் யாரையெல்லாம் புதுப் பிரபுவாக்கலாம் என்று அவர் வைத்திருந்த சுமார் 250 பேர் கொண்ட பட்டியல் அந்தத் தாள்களில்தான் உள்ளது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல், தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பெயர்கள்கூட அதில் உண்டு.

அடுத்த எச்சரிக்கை ஹன்சார்ட் எனப்படும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகள் பற்றியது. 1909 முதல் மக்கள் சபைக்கும் பிரபுக்கள் சபைக்கும் விவாதத் தொகுதிகள் தனித்தனியாக வருகின்றன. இரண்டுக்கும் 1இலிருந்து எண். நான் விண்ணப்பத்தில் 'பிரபுக்கள் சபை, தொகுதி 9, ஆகஸ்ட் 1911' என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தேன். நூலக ஊழியர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மக்கள் சபையின் 9ஆம் தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார். அது 1909! மாற்றித் தரக் கேட்டால், அன்றைக்கு எடுத்துக்கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டதாம். இணையத்தில் பழைய ஹன்சார்ட் இலவசமாகவே இருக்கிறது. அச்சுப் பிரதிதான் வேண்டும் என்று உங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் அடம்பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்தே படித்துவிடுங்கள்.

ஒருவழியாகச் சரியான தொகுதி வந்தது. 1911 ஆகஸ்ட் 10, கடும் வெயில் நாள். மசோதாவுக்கு ஆதரவு 131, எதிர்ப்பு 114. வாக்களித்தவர்களின் பட்டியலில் கட்சிப் பெயர் கிடையாது, பட்டம் மட்டும்தான். ஆதரவுப் பக்கத்தில் கான்டர்பரி பேராயரில் தொடங்கி மதகுருமார்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்: மொத்தம் 13. புத்தகங்களில் சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தியது. இவர்களும், தங்கள் கட்சித் தலைமை ஓட்டுப் போடாமல் ஒதுங்கச் சொல்லியும் அரசுப் பக்கம் வந்து நின்ற 37 யூனியனிஸ்ட் (எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் அணி) பிரபுக்களும் இல்லையென்றால் மசோதா தோற்றிருக்கும். அந்த 37 பேரைப் பிரித்தெடுக்க வேறு வழியே இல்லை. ஒவ்வொரு பெயரையும் தனியாகத் தேடிக் கட்சியை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்கிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. குடும்பங்களின் கையில் உள்ள கடிதத் தொகுப்புகளுக்கு உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவைப்படலாம். கேட்டலாக்கில் அதைப் போடாமலும் விட்டிருப்பார்கள். கிளம்பும் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைத் தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டினால் ஏற்காமல் போகலாம்.