ஐஸ் குச்சியில் ஒரு மரபணு: பீட்டா குளோபின் மாடல், இதுவரை

கடைகளில் கிடைக்கும் டி.என்.ஏ. மாடல்களில் எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு வேதிப்பொருள்கள்) ஏதோ ஒரு வரிசையில் இருக்கும். எனக்கு நிஜ மரபணு ஒன்று, அளவு பிசகாமல் வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவை எடுத்துக்கொண்டேன். புரதம் தொடங்கும் இடத்திலிருந்து 21 எழுத்துகள்: ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி.

ஒரு நானோமீட்டருக்கு 5 செ.மீ. என்று கணக்கு. சுருளின் விட்டம் 2 நானோமீட்டர் என்பதால் 10 செ.மீ. எதிரெதிர் எழுத்து ஜோடி ஒன்றுக்கு ஓர் ஐஸ் குச்சி, அதுதான் ஒரு படி. படிக்குப் படி 0.34 நானோமீட்டர், அதாவது 1.7 செ.மீ. நிஜத்தில் ஒரு சுற்றுக்குப் பத்தரைப் படி வரும். வேலை எளிதாக இருக்கட்டும் என்று பத்தாக வைத்து, படிக்கு 36 டிகிரி திருப்பினேன். மேலிருந்து பார்த்தால் இறங்க இறங்க வலஞ்சுழியாகப் போக வேண்டும். 21 படிக்கு 36 செ.மீ. உயரம் வந்தது. இந்த மரபணு இருக்கும் 11-வது குரோமோசோம் முழுவதையும் இதே அளவில் செய்தால் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும்!

அதிக நேரம் எடுத்தது குச்சிகளை ஒட்டும் வேலைதான். ஏ-டி ஜோடிக்கு நடுவில் இரண்டு நூல், ஜி-சி ஜோடிக்கு மூன்று. ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை அப்படி. இரு பாதிகளையும் நேர்கோட்டில் ஒட்டினால் சுருளின் இரண்டு பள்ளங்களும் ஒரே அகலத்தில் அமைந்துவிடும். அதனால் நடுக்கம்பியில் லேசாக வளைத்து ஒட்டினேன். ஒரு பள்ளம் அகலமாகவும் மற்றது குறுகலாகவும் வந்தது. அகலமான பள்ளத்துக்குள் விரலை விட்டால் குச்சிகளின் ஓரத்தைத் தொடலாம். சுருளைப் பிரிக்காமலே பல புரதங்கள் எழுத்துகளை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். தட்டையான படத்தில் இது புரிவதே இல்லை.

மரபணுவைப் பார்த்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ.வுக்குக் காகித நாடா. எதிர் இழையை அச்சாக வைத்து ஜோடி எழுத்துகளை எழுதிக்கொண்டே போனேன். டி வர வேண்டிய இடத்தில் யூ. மும்மூன்றாகப் பிரித்து, எந்த மும்மைக்கு எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் குறியீட்டு அட்டவணையைப் பார்த்து, அமினோ அமிலத்துக்கு ஒன்றாக மணி கோத்தேன்: மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம். முதல் மெத்தியோனின் பின்னர் வெட்டப்பட்டுவிடும். ஆகவே குளூட்டாமிக் அமிலம் 6-வது இடத்துக்கு வருகிறது.

இந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்ததே அடுத்த வேலைக்காகத்தான். 20-வது படியில் ஏ-டி குச்சியை அப்படியே திருப்பிப் பொருத்தினேன். நாடாவில் ஜிஏஜி என்பது ஜியூஜி ஆனது. குளூட்டாமிக் அமில மணி போய் வேலின் மணி வந்தது. அரிவாள் செல் சோகைக்குக் காரணம் இவ்வளவுதான். மின்னூட்டம் உள்ள, நீரை விரும்பும் அமிலம் இருந்த இடத்தில் நீரை ஒதுக்கும் வேலின். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு வளைந்து விறைக்கிறது. வெர்னான் இங்கிராம் என்ற உயிர்வேதியியலாளர் இந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தை 1957-லேயே கண்டுபிடித்துவிட்டார், குறியீட்டு அட்டவணையே இல்லாத காலத்தில். இந்தியாவில் இந்த மரபணு மாற்றம் 1952-ல் முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம். திருப்பிய குச்சிக்குச் சிவப்பு அடித்திருக்கிறேன்.

அடுத்து இன்ட்ரான், அதாவது புரதம் செய்வதற்கு முன் ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி எடுக்கப்படும் துண்டு. 92 எழுத்துகள் முடிந்ததும் 130 எழுத்து நீளத்துக்கு முதல் இன்ட்ரான் குறுக்கிடுகிறது. 92 என்பது 30 மும்மைகளும் மீதி இரண்டு எழுத்துகளும். அதாவது வெட்டு ஒரு மும்மையின் நடுவில் விழுகிறது. ஓர் எழுத்து தள்ளி ஒட்டினாலும் அதற்குப் பிறகு வரும் மணிகள் எல்லாம் மாறிவிடும். நாடாவை நீளமாக ஒட்டி வைத்தாயிற்று, இனி வெட்ட வேண்டும்.