மூலை வெட்டிய கடிதம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு நான் போவது மரத்தூணுக்காகவோ பீங்கான் சாமானுக்காகவோ அல்ல. பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது பெட்டகங்களின் அடியிலிருந்து வெளிவரும் கடிதக் கட்டுகளுக்காக. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் எழுதிய வரவு செலவுச் சேதிகளே அவற்றில் மிகுதி. எப்போதாவது அவற்றினிடையே ஓர் எழுத்தாளரின் கையெழுத்து தட்டுப்படும்.

சென்ற மாசி மாதம் அப்படித் தட்டுப்பட்ட ஓர் இன்லண்ட் கடிதத்தில், தபால்தலை அச்சிட்டிருந்த மூலையைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். "தபால்தலை தனியாப் போகும் அண்ணே" என்றார் கடைக்காரர். எழுதியவர் தலைப்பில் நாளும் மாதமும் மட்டுமே குறிக்கும் பழக்கமுள்ளவர். ஆண்டு தெரிய வேண்டுமானால் அஞ்சல் முத்திரையைத்தான் பார்க்க வேண்டும், அந்த முத்திரையோ வெட்டிய துண்டோடு போய்விட்டது. உட்புறத்தில் நான்கு வரிகளின் தொடக்கமும் இல்லை. தாம் எழுதிக்கொண்டிருந்த நாவலைப் பற்றி நண்பரிடம் மனம்விட்டுப் பேசுகிற அந்தக் கடிதம் எந்த நாவலைக் குறிக்கிறது என்பதை இனி உறுதியாகச் சொல்ல வழியில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கையெழுத்துக்காக மட்டும் கடிதம் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கு, எந்த ஊருக்கு, எப்போது எழுதப்பட்டது என்ற மூன்றும் உடனிருந்தால்தான் அது கடிதம். ஆகவே உறையையும் முகவரியையும் நான் பிரிப்பதே இல்லை. எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் விமர்சகர் தி.க.சி.யும் முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதியவர்கள். அவற்றின் பெருமையில் பாதி, பெறுநர் முகவரியில் இருக்கும் சிற்றூர்களின் பெயர்களில் இருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதியவையும், கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவையும் இன்று நூல்களாக நம் கையில் இருப்பது, பெற்றவர்கள் அவற்றைப் போற்றி வைத்திருந்ததால்தான். எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் கல்யாண அழைப்பிதழையும்கூடக் கழித்துக்கட்டாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

அந்த நாவலாசிரியரின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. விலை கொடுத்தவனுக்குத் தாள் மட்டுமே சொந்தம். வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவர் மறைந்தபின் வாரிசுகளுக்கும் உரியது. உரிமை ஒருபுறமிருக்க, நண்பருக்கென்று எழுதியதை ஊருக்குக் காட்டுமுன் அவர் பிள்ளைகளிடம் கேட்பதே முறை. கேட்டு எழுதியிருக்கிறேன்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தபால்தலைக்கு என்ன கிடைக்குமோ அதையும் சேர்த்தே தருகிறேன், கத்திரிக்கோல் வைக்காதீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். ஆவணியில் போனபோது, சணல் கயிறு அவிழாத இரண்டு கட்டுகளை எனக்கென்று எடுத்துவைத்திருந்தார்.